வெடியுப்பு கரைய எவ்வளவு வெப்பம் வேண்டும்?

[காட்சி: மேசைமேல் கண்ணாடிக் குவளை, வெப்பமானி]

வணக்கம். இந்தக் குவளையில் தண்ணீர் இருக்கிறது. அதில் பொட்டாசியம் நைட்ரேட்டை, அதாவது வெடியுப்பை, இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்குகிறேன். வெப்பமானியைப் பாருங்கள், மளமளவென்று இறங்குகிறது. குவளையின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறது. அக்பர் காலத்தில் குடிதண்ணீரைக் குளிர வைக்க இந்த உப்பைத்தான் பயன்படுத்தினார்கள்.

கரையும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உப்பு, சூடாக்கினால் இன்னும் கரையும். 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் 31.6 கிராம்தான் கரைகிறது. 40 டிகிரியில் 63.9 கிராம். கரைதல் என்தால்பியை, அதாவது ஒரு மோல் உப்பு கரையும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை, வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் கணக்கிட இந்த இரண்டு அளவு போதும்.

[திரையில் கணக்கு]

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 2.02. அதன் இயல் மடக்கை 0.704. இதை வாயு மாறிலி 8.314 ஆல் பெருக்குங்கள். அப்புறம் வெப்பநிலைகளைக் கெல்வினில் எழுதி, 1/293.15 இலிருந்து 1/313.15 ஐக் கழியுங்கள், 0.000218 வரும். அதால் வகுத்தால் மோலுக்கு 26.9 கிலோஜூல்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்! இந்த உப்பு கரைந்தால் பொட்டாசியம், நைட்ரேட் என்று இரண்டு அயனி. வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் வைக்க வேண்டியது சமநிலை மாறிலி, அதாவது இரண்டு அயனிகளின் செறிவுகளையும் பெருக்கிய தொகை; அதனால் அது கரைதிறனின் வர்க்கம். வர்க்கத்துக்கு மடக்கை எடுத்தால் 2 முன்னால் வந்து நிற்கும். ஆக, விடை மோலுக்கு 53.7 கிலோஜூல்.

சரி, வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமீட்டரில் நிறையத் தண்ணீரில் கரைத்து அளந்தால் என்ன வரும்? 34.9. இவ்வளவு வித்தியாசமா என்று முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் தவறில்லை. 40 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீருக்கு 6 மோலுக்கு மேல் உப்பு இருக்கிறது. அந்த நெரிசலில் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன, தனித்தனியாக இயங்குவதில்லை. உப்பு இரட்டிப்பானாலும் அதன் செயல்படும் செறிவு இரட்டிப்பாகாது. நாமோ முழுச் செறிவையும் கணக்கில் சேர்த்துவிட்டோம், விடை ஏறிவிட்டது. கொஞ்சமாகவே கரையும் உப்புகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும்.

ரெக்கார்டு நோட்டில் 53.7 என்றே எழுதுங்கள். 34.9 க்காக அந்த 2 ஐ அடித்துத் திருத்த வேண்டாம். பக்கத்தில் அயனி நெரிசலைப் பற்றி ஒரு வரி சேருங்கள்.