ஆஃப்ரிகான்ஸ்–ஆங்கிலம்: அகராதி போட்டால் முக்கால்வாசி முடிந்துவிடுமா?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமாக இருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன். கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் பேசும் ஆஃப்ரிகான்ஸுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே, கையால் எழுதிய இலக்கண விதிகளை மட்டும் வைத்து மொழிபெயர்க்கும் மென்பொருள் ஒன்றை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாராம். கைடு, "ரெண்டும் ஒரே குடும்பத்து மொழிதானே, பெரிய அகராதி ஒன்று போட்டால் முக்கால்வாசி முடிந்துவிடும்" என்கிறாராம். அது உண்மையா, எங்கே ஆரம்பிப்பது, நியூரல், அதாவது உதாரணங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் மொழிபெயர்ப்பு, வந்த பிறகு இதற்கெல்லாம் மதிப்பு உண்டா என்று மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நியூரலோடு போட்டி போட்டு ஜெயிக்கத்தான் இதைச் செய்கிறேன் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆஃப்ரிகான்ஸுக்கும் ஆங்கிலத்துக்கும் இணையாக எழுதப்பட்ட ஆவணங்கள் நிறையவே இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டமே அன்றைய 11 ஆட்சி மொழிகளிலும் வந்தது. அங்கே வடமேற்குப் பல்கலைக்கழகத்தில் அரசுப் பணத்தில் செய்த ஆட்ஷுமாடோ என்ற மொழிபெயர்ப்புத் திட்டமும் அப்படிப்பட்ட இணை வாக்கியங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் வழியில்தான் போனது. பெயரைக் கவனியுங்கள், 17ஆம் நூற்றாண்டில் கேப் கரையில் ஐரோப்பியருக்கும் தன் மக்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருந்த கோய் இனத் தலைவர் ஒருவரின் பெயர் அது. பிறகு அவரை ராபன் தீவிலேயே அடைத்தார்கள், அது வேறு கதை. விதி எழுதிச் செய்வதில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்றால், வாக்கியம் எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். ப்ராஜெக்டுக்கு அது போதும், வைவாவில் பேசவும் நிறைய விஷயம் இருக்கும்.

இப்போது கைடு சொன்னதற்கு வருகிறேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிகிறது. "என் கை வெதுவெதுப்பான நீரில் இருக்கிறது" என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அதே எழுத்துகளை ஒன்றுகூட மாற்றாமல் ஆஃப்ரிகான்ஸாகவும் படிக்கலாம், உச்சரிப்பு மட்டும்தான் வேறு. இந்த மாதிரி இரண்டு வாக்கியத்தைப் பார்த்துவிட்டால் யாருக்கும் ஆசை வரும். நானும் சில வருடம் முன்னால் வார இறுதிகளில் இதே ஜோடியை எடுத்துத் தோண்டிப் பார்த்தேன், முதல் இரண்டு வாரம் பயங்கர சந்தோஷமாக இருந்தேன், மூன்றாவது வாரம்தான் சுவரில் முட்டினேன்.

சந்தோஷத்துக்குக் காரணம் வினைச்சொல். ஆஃப்ரிகான்ஸில் நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் ஒரே வினைதான். நான் வேலை செய்கிறேன், எக் வெர்க். அவன் வேலை செய்கிறான், ஹெய் வெர்க். அவ்வளவுதான், விகுதியே கிடையாது. இறந்த காலத்துக்கு 'ஹெட்' என்று ஒரு துணைவினை, வினைக்கு முன்னால் 'ஹெ' என்று ஒரு ஒட்டு, எக் ஹெட் ஹெவெர்க். (எழுத்தில் அந்த 'ஹெ' ரோமன் ஜி எழுத்தோடு தொடங்கும், தொண்டையைச் செருமுவது மாதிரி சொல்ல வேண்டும், எனக்கு 'ஹ'தான் வருகிறது, மன்னிக்கவும், திரையில் சரியான எழுத்தைப் போட்டிருக்கிறேன்.) பழைய இறந்த கால வடிவம் தங்கியிருக்கும் வினைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. தமிழ் வினையைப் பகுத்துச் சொல்லும் அனலைசர் எழுதிக் கண் பிதுங்கியவர்களுக்கு இது சொர்க்கம்.

ஆனால் ஒரு மொழி தன் சொல்லில் சொல்லாமல் விட்டதை இன்னொரு மொழி கேட்டே தீருவேன் என்றால் என்ன செய்வீர்கள்? எக் ஹெட் ஹெவெர்க் என்பதை ஆங்கிலத்தில் ஐ வர்க்ட் என்றும் சொல்லலாம், ஐ ஹேவ் வர்க்ட் என்றும் சொல்லலாம், சில இடத்தில் ஐ ஹேட் வர்க்ட் என்றும் வரும். ஆஃப்ரிகான்ஸ்காரர் அதைப் பிரித்துச் சொல்லவில்லை, ஆங்கிலம் பிரிக்காமல் விடாது. உங்கள் மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். 'ஹெஸ்டர்', அதாவது நேற்று, என்று ஒரு சொல் இருந்தால் சாதாரண இறந்த காலம். 'இன்னும் ஒருபோதும்' மாதிரி வந்தால் ஹேவ் போட்ட வடிவம். எதுவும் இல்லையென்றால் சாதாரண இறந்த காலத்தையே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தப்பிவிடும். இதைவிட வேடிக்கை ஒன்று: எக் வுவன் அல் டின் யார் ஹிர். பத்து வருடமாக இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். வினை நிகழ்காலம், நாம் சொல்வது மாதிரியே. ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் விட்டால் தப்பு, ஐ ஹேவ் லிவ்ட் என்று போக வேண்டும். 'அல்' என்ற சின்னச் சொல்லும் பின்னால் ஒரு கால அளவும் சேர்ந்து வந்தால் காலத்தை மாற்று என்று ஒரு விதி எழுதியாக வேண்டும். இதை எந்த அகராதி சொல்லித் தரும்?

அப்புறம் அந்த 'ஹெட்' இருக்கிறதே, அதுவே இரட்டை வேடம். என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது என்பதற்கும் அதே ஹெட், நான் ஒரு புத்தகம் வாங்கினேன் என்பதற்கும் அதே ஹெட். வித்தியாசம் வாக்கியத்தின் கடைசியில் 'ஹெகுவப்', அதாவது வாங்கிய, என்ற சொல் வருகிறதா என்பதில்தான் இருக்கிறது. கடைசிவரை படிக்காமல் இரண்டாவது சொல்லை மொழிபெயர்க்க முடியாது.

இதே வகையில் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது 'இஸ்'. எழுத்து ஆங்கிலத்தில் உள்ளது மாதிரியே, அர்த்தமும் பெரும்பாலும் அதுவே. ஆனால் செயப்பாட்டு வினையில் வந்தால் இறந்த காலம். டி ஹெய்ஸ் இஸ் இன் 1925 ஹெபோ என்றால் அந்த வீடு 1925இல் கட்டப்பட்டது, ஆங்கிலத்தில் வாஸ் பில்ட். ஒரே எழுத்து என்று சொல்லுக்குச் சொல் விட்டீர்களானால் 1925இல் கட்டப்படுகிறது என்று ஆகிவிடும். தற்செயலாக அந்த 1925தான் ஆஃப்ரிகான்ஸ் ஆட்சி மொழியான வருடமும்.

இப்போது சுவர். சொல் வரிசை. ஆஃப்ரிகான்ஸின் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் உட்காரும், முன்னால் எது வந்தாலும் சரி. நேற்று என்று ஆரம்பித்தால் எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விடும்: ஹெஸ்டர் ஹெட் எக் டி புக் ஹெலியஸ். நேற்று–துணைவினை–நான்–அந்தப் புத்தகம்–படித்த. ஆனால் 'என்று எனக்குத் தெரியும்' மாதிரி துணை வாக்கியமாக மாற்றினால் வினை கடைசிக்குப் போய்விடும்: எக் வியட் டட் ஹெய் ஹெஸ்டர் டி புக் ஹெலியஸ் ஹெட். அந்த 'டட்'டுக்குப் பிறகு வருவதை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்: அவன், நேற்று, அந்தப் புத்தகம், படித்த, பிறகு துணைவினை. நம் வரிசையேதான்! தமிழ் தெரிந்தவனுக்குப் படிக்கச் சுலபம், ஆங்கிலத்துக்கு மாற்றும் விதிக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே எத்தனை சொல் வேண்டுமானாலும் வரலாம்.

பிரியும் வினைகள் இன்னொரு தலைவலி. 'ஓப்ஸ்டான்' என்றால் எழுந்திருப்பது. நான் சீக்கிரம் எழுந்திருக்கிறேன் என்னும்போது அது இரண்டாக உடைந்து, ஸ்டான் இரண்டாம் இடத்திலும் ஓப் கடைசியிலும் போய் நிற்கும். அந்தக் கடைசி ஓப்பைப் பிடித்து வந்து ஸ்டானோடு ஒட்டின பிறகுதான் அகராதியைத் திறக்கவே முடியும். ஒட்டாவிட்டால் நான் சீக்கிரம் நிற்கிறேன், மேலே.

எதிர்மறைக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இல்லை என்பதற்கு அங்கே சொல் 'நீ' (நம்ம நீ இல்லை), அது இரண்டு முறை வரும். ஹெய் வெர்க் நீ ஃபந்தாஹ் நீ, அவன் இன்றைக்கு வேலை செய்யவில்லை. முதல் நீ மறுக்கிறது, இரண்டாவது நீ மறுப்பு இங்கே முடிந்தது என்று வேலி போடுகிறது. இரண்டுக்கும் நடுவே சொல் எதுவும் இல்லையென்றால் ஒன்றே போதும்: ஹெய் வெர்க் நீ. வேலி எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், உனக்கு நோய் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்ற வாக்கியத்தைப் பாருங்கள், எக் ஹெட் நீ ஹெவியட் டட் யெய் சிக் இஸ் நீ. தெரியாமல் இருந்தது என்பதற்கான வேலி துணை வாக்கியத்தையும் தாண்டி வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. இதைப் பார்க்காமல் கடைசி நீயைப் பக்கத்தில் இருக்கும் 'இஸ்'ஸோடு சேர்த்தால் நோயாளி ஆரோக்கியமாகிவிடுவார். ஆங்கிலத்துக்குப் போகும்போது, முன்னால் மறுப்புச் சொல் ஏதாவது வந்திருந்தால் கடைசி நீயைத் தூக்கிவிடு என்று விதி எழுதலாம். யாரும் இல்லை, ஒருபோதும் இல்லை என்ற சொற்களையும் மறுப்புச் சொற்கள் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், அவையும் கடைசியில் ஒரு நீயைக் கூட்டிக்கொண்டுதான் வரும். மறுபக்கம், ஆங்கிலத்திலிருந்து வரும்போது, இந்த வேலியை எங்கே நடுவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். அது நிச்சயமாகக் கஷ்டம். அதனால்தான் முதலில் ஆஃப்ரிகான்ஸிலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டும் செய்யுங்கள் என்கிறேன். இரண்டு திசையையும் ஒரே செமஸ்டரில் முடிக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அகராதிக்கும் ஒரு வார்த்தை. கூட்டுச்சொற்களைச் சேர்த்தே எழுதுவார்கள், அதனால் பிரிக்கும் கருவி வேண்டும். ஆனால் முழுச் சொல்லை அகராதியில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் பிரியுங்கள். 'சியகுய்' என்பதைப் பிரித்தால் கடல் மாடு, உண்மையில் அது நீர்யானை. வேர்க்கடலை வெண்ணெய்க்கு உள்ள சொல்லைப் பிரித்தால் தரை, அவரை, வெண்ணெய் என்று வரும். அதைவிட ஆபத்து ஒரே எழுத்தில் இருக்கும் வேறு அர்த்தச் சொற்கள். ஆங்கிலத்தில் ஒல்லி என்று பொருள்படும் ஸ்லிம் அங்கே புத்திசாலி. குழந்தைக்கு அங்கே எழுதும் நான்கு எழுத்தை ஆங்கிலக்காரன் அன்பான என்று படிப்பான். பல மென்பொருள்கள் தெரியாத சொல்லை அப்படியே வெளியே தள்ளிவிடும். வேறு ஜோடியாக இருந்தால் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவீர்கள், இந்த ஜோடியில் அது ஆங்கிலச் சொல் மாதிரியே உட்கார்ந்திருக்கும். அதனால் தெரியாத சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடும் வசதியை அணைக்கவே அணைக்காதீர்கள்.

இன்னொன்று, விதியில் அடங்குமா என்று எனக்கே சந்தேகமான விஷயம். பெரியவர்களிடம் அங்கே பிள்ளைகள் நீங்கள் என்று சொல்லாமல் முறையையே திரும்பச் சொல்வார்கள். வில் பா கொஃபி ஹெ? அப்பாவுக்குக் காபி வேணுமா என்று அப்பாவிடமே கேட்பது. நம் வீட்டில் கேட்பது மாதிரியே இல்லையா! ஆங்கிலத்துக்கு இது டு யூ வான்ட் காஃபி, டேட் என்று போக வேண்டும். அப்பாவைப் பற்றி வேறு யாரிடமோ கேட்டிருந்தால்? வாக்கியம் ஒன்றுதான், உங்கள் மென்பொருளுக்கு அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு: வெறும் கையோடு ஆரம்பிக்காதீர்கள். அபெர்டியம் என்று ஒரு திறந்த மூலக் கருவி இருக்கிறது, ஸ்பெயினில் அலிகாண்டே பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ், கட்டலான் மாதிரி நெருங்கிய மொழிகளுக்காகப் பிறந்தது. அதில் ஆஃப்ரிகான்ஸ்–டச்சு ஜோடி ஏற்கெனவே இருக்கிறது, அதனால் ஆஃப்ரிகான்ஸ் சொல் பகுப்பு அகராதியை எடுத்துக்கொள்ளலாம், ஆங்கில அகராதியும் கிடைக்கும். நீங்கள் எழுத வேண்டியது நடுவில் உள்ள இருமொழி அகராதியும் இடமாற்ற விதிகளும். அபெர்டியத்தின் பழைய விதி முறை, பெயர்த்தொடர்களை ஒரு துண்டு வினைத்தொடர்களை ஒரு துண்டு என்று கட்டி, பிறகு துண்டுகளை நகர்த்தும். குட்டி வாக்கியத்துக்கு அது போதும், மேலே சொன்ன நீளமான துணை வாக்கியத்துக்கு மூச்சு வாங்கும். அதற்குத்தான் பின்னால் வாக்கியத்தைக் கிளை கிளையாக மர வடிவில் பிரிக்கும் ரிகர்சிவ் மாட்யூல் வந்தது, நேராக அதிலேயே எழுதுங்கள். இலக்கணத்தையே முறையாகக் கட்ட ஆசை இருந்தால் கிராமட்டிக்கல் ஃப்ரேம்வொர்க் என்ற இன்னொரு கருவி பக்கம் போங்கள், அதன் இலக்கண நூலகத்தில் ஆஃப்ரிகான்ஸ் இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு விதமாக யோசிக்க வேண்டும், ஒரு செமஸ்டருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தலைப்பைக் குறுக்குங்கள். 1954இல் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து ரஷ்யனை ஆங்கிலமாக்கிக் காட்டியபோது கையில் இருந்தது 250 சொல், 6 விதி. அதைப் பார்த்துவிட்டு சில வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று கிளம்பினார்கள், 1966இல் வந்த அரசு அறிக்கை அந்த ஆசையில் தண்ணீர் ஊற்றியது. அதற்கு மாறாக, பின்னாளில் கனடாவில் வானிலை அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றிய மெட்டியோ பல வருடம் தினமும் வேலை செய்தது. நீங்களும் வானிலையோ சமையல் குறிப்போ ஒன்றை எடுங்கள்.

கடைசியாக, முதல் நாளே பார்க்க வேண்டிய ஒரு பிழை. ஆஃப்ரிகான்ஸில் 'ஒரு' என்பதை மேற்குறி போட்டு ரோமன் 'என்' எழுத்தாக ('n) எழுதுவார்கள். வாக்கியம் அதில் ஆரம்பித்தால் அந்த 'என்' சின்ன எழுத்தாகவே இருக்கும், அடுத்த சொல்தான் பெரிய எழுத்தில் தொடங்கும். வாக்கியத்தைச் சொற்களாக வெட்டும் டோக்கனைசர்கள் பல அந்த மேற்குறியை மேற்கோள் ஆரம்பம் என்று நினைத்துப் பிய்த்துவிடும், அடுத்த சொல்லை ஆள் பெயர் என்றும் எடுத்துக்கொள்ளும். என் விதிகளில்தான் தப்பு என்று நான் நான்கு நாள் தேடினேன், விதிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.