ரோமாபுரியில் ஒரு குழாயடி

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், ஸ்வெட்டருக்கும் மஃப்ளருக்கும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் குன்னூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன். பந்தலுக்குள் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. கையை வெளியே எடுத்துத் தட்டினால் எனக்கும் நல்லது, உங்கள் குளிருக்கும் நல்லது.

தலைப்பு என்ன? பயணத்தில் நெஞ்சில் நிற்பவை பார்த்த இடங்களா, கூட வந்த மனிதர்களா? மனிதர்களே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். சரி, அது இருக்கட்டும்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி நல்ல பேச்சாளர். ஒரே ஒரு குறைதான். மேடைக்குப் பின்னால் டீக்கு வர்க்கியை முக்கிக்கொண்டே "அக்கா, அக்கா" என்று நம் வீட்டுக் கதையைக் கேட்பார். மேடை ஏறினால் அதை வைத்தே நம்மை அடிப்பார். என்ன சொன்னார்? "அக்கா குடும்பம் லட்சக்கணக்கில் செலவழித்து ரோமாபுரிக்குப் போனது. கொலோசியத்துக்குள் போகவில்லை. குழாயடியில் நின்றுவிட்டு வந்தது. அதற்குக் குன்னூர்க் குழாயடி போதாதா?" நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முன்வரிசையில் ஒரு அம்மாவுக்குப் புரையேறியதை நான் பார்த்தேன்.

தம்பி, நான் உங்களுக்குப் பாதிக் கதைதான் சொன்னேன். மீதியை இப்போது கேளுங்கள்.

என் மூத்தவன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். "பாட்டியையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றான். போனோம். ரோமுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். என் வீட்டுக்காரர் வங்கியில் இருந்தவர். பத்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து கணக்கை நேர் செய்துவிட்டு வருகிற ஆள். அவர் அந்த ஒரு நாளுக்கு ஒரு அட்டவணை போட்டார். ஒன்பது மணி கொலோசியம். பன்னிரண்டு பாந்தியன். ஒன்றரைக்கு ட்ரெவி நீரூற்று. மூன்றுக்கு வாடிகன். நடுவில் "சிறுநீர், ஏழு நிமிடம்" என்று ஒரு வரி. எழுதியிருந்தார், ஐயா! சத்தியமாக எழுதியிருந்தார்!

தங்கியது டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து கொலோசியத்துக்கு நடந்தே போய்விடலாம். ஜூன் மாத வெயில். என் மாமியாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அத்தை ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மலைக்காரி! கையில் எவர்சில்வர் சொம்பு. பிளாஸ்டிக் பாட்டிலோடு மலையேறினால் சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்களே, ரோமிலும் அப்படித்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

தெருவோரத்தில் ஒரு இரும்புக் குழாய். இடுப்பு உயரம். தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை, குடம் இல்லை. அத்தை நின்றுவிட்டார். "அடப் பாவிகளா, எவளோ குழாயைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாளே!"

மூட வேண்டும். எப்படி மூடுவது? திருகு இல்லை. குழாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். தட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்: "அம்மா, எட்டு நாற்பது!" அத்தை சொன்னார்: "மூடாம வரமாட்டேன். போறதுன்னா நீ போ."

கடைசியில் கட்டைவிரலை வைத்து மூக்கை அடைத்தார். குழாய் மூக்கைச் சொல்கிறேன். அந்தக் குழாய்க்கு ஊரில் பேரே நசோனே, பெரிய மூக்கு. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வளைந்த மூக்கின் மேல்புறம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. வாயை அடைத்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மேலே பீய்ச்சியடிக்கும், குனியாமல் குடிக்கலாம். அத்தைக்கு இது தெரியாது. எதிரே அட்டவணையும் கையுமாக நின்ற என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அடித்தது பாருங்கள்! கண்ணாடி மேலே, சட்டை மேலே, அட்டவணை மேலே! ஒன்பது மணி கொலோசியம் கரைந்து மூன்று மணி வாடிகனில் கலந்துவிட்டது. நிமிர்ந்து நின்றது ஒரே வரி. சிறுநீர், ஏழு நிமிடம்!

இன்னும் முடியவில்லை. இதைப் பார்த்துக்கொண்டே ஒரு இத்தாலியப் பாட்டி வந்தார். விரலை எடு என்று அவர் பாஷையில் சொல்கிறார். அத்தை தமிழில், "மூடுறது எங்கே? மூடுறது எங்கே?" அந்த அம்மா கையை விரித்து, ஓடட்டும், ஓடட்டும் என்று காட்டுகிறார். அத்தை நெஞ்சில் கை வைத்து, "உங்க ஊர்ல கேக்க ஆளே இல்லையா?" கால் மணி நேரம்! ஒருவர் பேசியது இன்னொருவருக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. முடிவில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தப் பாட்டியே சொம்பை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

கொலோசியத்துச் சீட்டில் நேரம் போட்டிருக்கும். அந்த நேரம் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தோம். கி.பி. 80-இல் திறந்த அரங்கம், 50,000 பேர் உட்காருவார்களாம். வீட்டுக்காரர் உம்மென்று உட்கார்ந்திருந்தார். ஆக 50,001.

இப்போது தம்பிக்குப் பதில். குன்னூர்க் குழாயடி போதாதா என்று கேட்டீர்கள். நம் சிம்ஸ் பூங்கா எந்த ஆண்டு வந்தது? 1874. ரோமில் அந்த மூக்குக் குழாய்களை நட ஆரம்பித்த ஆண்டும் 1874-தான், தம்பி! ஆக அத்தை நின்றதும் வரலாற்றுச் சின்னத்தில்தான்! இன்றைக்கும் ஊர் முழுக்க 2,000-க்கு மேல் இருக்கின்றன. ராத்திரி பகல் ஓடும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கெடாது என்று மகன் விளக்கினான். ட்ரெவி நீரூற்றுக்கு வருகிற தண்ணீர், கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாய் வழி வருவது. அங்கே எல்லாரும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு தோளுக்குப் பின்னால் காசு போடுகிறார்கள். அந்தக் காசு ஏழைகளுக்குப் போகிறது என்றதும் அத்தை இரண்டு காசாகப் போட்டார். பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோயிலில் 43 மீட்டர் அகலக் கூரை, அதன் உச்சியில் வேண்டுமென்றே விட்ட வட்டத் திறப்பு. அண்ணாந்து பார்த்து அத்தை கேட்டார்: "இவ்வளவு கட்டினவன் அந்த ஓட்டையை அடைக்கலையே, ஐப்பசி மழைக்கு என்ன பண்ணுவான்?" மழை உள்ளேதான் பெய்யும், தரையில் வடிய ஓட்டைகள் இருக்கின்றன. 1,900 வருஷமாக அப்படித்தான். இடம் பிரமாதம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நான் இன்றைக்கு பாந்தியன் என்று சொன்னால், என் காதில் விழுவது அத்தையின் ஐப்பசி மழை.

அத்தை ஏன் அப்படிக் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றார்? கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து தெருக்குழாய். வாரத்துக்கு ஒரு தடவை வரும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு. குடத்துக்குப் பதில் கல்லை வைத்து இடம்பிடித்து, கை விறைக்கிற பனியில் முக்காடு போட்டு நின்று, மூன்று பிள்ளைகளை வளர்த்த கை அது. சும்மா ஓடுகிற தண்ணீரின் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம், ஐயா.

போன வருஷம் தை மாதம் அத்தை படுத்துவிட்டார். ஞாபகம் ஒவ்வொன்றாகப் போனது. விமானம் ஏறியது போனது, ரோம் போனது, என் பெயர் போனது. ஒரு ராத்திரி திடீரென்று கண்ணைத் திறந்து மகனைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அந்தக் குழாயை யாராச்சும் மூடினாங்களா?"

கொலோசியம் போச்சு, கொலோசியம் போச்சு என்று ஆறு வருஷம் எங்களை அரித்த மனுஷன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் அத்தைக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் விட்டார். அப்புறம் இறுக்கி மூடினார். ஈரக் கையோடு வந்து அத்தை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூடிட்டேம்மா. தூங்குங்க."

மணி அடிக்கலாம், ஐயா. வணக்கம்.