மீன் சட்டிக்கு வருவதற்கு முன்னால் எங்கே கிடந்தது?

வணக்கம் மக்களே. தனுஷ்கோடியில், அரிச்சல்முனைக்குப் போகிற ரோட்டோரம் நிற்கிறேன். காற்று பலமாக இருக்கிறது, இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிகிறவை எல்லாம் மீன் பொரிக்கிற கடைகள்.

கொதிக்கிற எண்ணெயில் போட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று கடைக்காரர்களும் சொல்கிறார்கள், நாமும் நம்பிச் சாப்பிடுகிறோம். கிருமி சாகும், சரி. ஆனால் சூரை, மத்தி, காணாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் போட்டு வைத்தால், பாக்டீரியா அந்தச் சதையிலேயே, அலர்ஜி மாதிரி உபாதை தருகிற ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும், அது வந்துவிட்டால் பொரித்தாலும் போகாது, குழம்பு வைத்தாலும் போகாது, அப்புறம் ஐஸில் புதைத்தாலும் போகாது. கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம்.

அதனால் நான் சட்டியைப் பார்ப்பதில்லை, ஐஸ் பெட்டியைத்தான் பார்க்கிறேன். இங்கே ஒரு கடையில் காலையிலேயே மசாலா தடவி, பலகையில் வரிசையாக அடுக்கி, வெயிலில் வைத்திருக்கிறார்கள். கண், செவுள் எதுவும் தெரியாது, அத்தனையும் சிவப்பு. அந்தச் செக்கச்செவேல் நிறம் மிளகாய்த்தூளில் மட்டும் வந்ததா என்பது சந்தேகம்தான் மக்களே. பொரிக்கிற மீனில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே கிடையாது.

நாலு கடை தள்ளி ஓர் அக்கா, தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் முழு மீனாக வைத்திருக்கிறார். நாம் கைகாட்டின பிறகுதான் எடுத்து, செவுளைத் தூக்கிக் காட்டி, வெட்டி மசாலா தடவுகிறார். பச்சை மீனைத் தொட்ட கையால் பொரித்ததைத் தொடவே இல்லை, அதற்குத் தனியாக ஓர் இடுக்கி. "முன்னாடியே தடவி வச்சா வேலை சுருக்கா முடியும் தம்பி, ஆனா மிச்சமானா மறுநாளைக்கு வைக்கச் சொல்லும் மனசு" என்றார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எல்லோரையும் அலட்சியக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள், ஐஸுக்கும் காசு. ஆனாலும் ஒரே வாளியில் தட்டையும் கையையும் முக்கி எடுப்பதை ஏற்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, வெளியூர் மீனும் வரும், அப்போது மீன் எங்கிருந்து வந்தது என்று இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

எண்ணெய்க்கும் விதி இருக்கிறது: திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு அதில் சேருகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. ரோட்டோரக் கடையில் அதை யார் அளப்பது? கறுத்து, நுரைத்து, சூடேறும் முன்னே புகைந்தால் நகர்ந்துவிடுங்கள். செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அச்சு மை மீனில் ஒட்டும், வாழை இலை கேளுங்கள்.

கடைசியாக, அந்த ஹிஸ்டமின் விஷயம்: சாப்பிடும்போதே நாக்கில் மிளகு மாதிரி எரிந்தால் துப்பிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மீன், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.