பாடுகிறவர்கள் குடியிருக்க ஒரு வீடு

அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ரக்பியும் நிலக்கரிச் சுரங்கமும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அதன் நாட்டுப்புற இசையைப் பற்றி. நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது மான்ட்கோமரிஷயர் மலைப்பகுதியில் இருக்கும் ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்கு. கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்கள், நல்ல குளிர். சின்னதாக ஒரு வழிபாடு முடிந்ததும், 'ப்ளகைன் தொடங்கலாம்' என்று சொல்லிவிட்டுப் பாதிரியார் ஒதுங்கிக்கொள்வார். அப்புறம் அறிவிப்பாளர் கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது. பெஞ்சிலிருந்து மூன்று நான்கு பேர் எழுந்து முன்னே போவார்கள். பெரும்பாலும் ஒரே குடும்பம். ஒருவர் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) தட்டிக் காதோரம் வைத்துச் சுருதி பிடிப்பார். எந்த வாத்தியமும் இல்லாமல், வெல்ஷ் மொழியில், நீளமான ஒரு கேரல் பாட்டை, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிவிட்டு வந்து உட்காருவார்கள். யாரும் கைதட்ட மாட்டார்கள். கொஞ்ச நேர அமைதி. அடுத்த குழு எழும்.

இதில் ஒரு விதி இருக்கிறது. அன்று ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடக் கூடாது. எனவே ஒவ்வொரு குடும்பமும் பல பாட்டுகளைக் கைவசம் வைத்திருந்தாக வேண்டும். பாட்டன் எழுதிய நோட்டுப் புத்தகம் பேரன் கையில் இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடைசியில், அன்று பாடிய ஆண்கள் எல்லோரும் முன்னே வந்து ஒன்றாகச் சேர்ந்து பாடி முடிப்பார்கள்.

ப்ளகைன் என்ற பெயரே சேவல் கூவும் நேரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முன்பு விடியலுக்கு முன் நடந்தது, இப்போது பெரும்பாலும் மாலையில் நடக்கிறது. நேரம் மாறியது, பாட்டு போகவில்லை. மரபு என்றால் எதையும் அசைக்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு கதை, வாத்தியத்தின் கதை. ஹார்ப் என்பது யாழ் போல விரலால் மீட்டும் தந்தி வாத்தியம். வேல்ஸின் பழைய ஹார்ப்பில் தந்திகள் மூன்று வரிசை. வெளி வரிசைகள் இரண்டிலும் ஒரே சுரங்கள். நடுவரிசையில் அரைச் சுரங்கள். அந்த அரைச் சுரம் வேண்டுமானால் வெளித் தந்திகளின் இடுக்கில் விரலை நுழைத்து நடுத்தந்தியை மீட்ட வேண்டும். இரண்டு கையும் ஒரே சுரத்தை மாறி மாறி மீட்டும்போது, ஒரு தந்தி ஓய்வதற்குள் அதன் இணை பேசும். அந்த ஒலிக்கு ஈடு சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பெடல் வைத்த ஹார்ப் வந்து இதை ஓரங்கட்டியது. அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் மெதடிஸ்ட் எழுச்சி என்ற கிறிஸ்தவ மத இயக்கம் ஆட்டமும் பிடிலும் பாவம் என்று ஊரை நம்பவைத்திருந்தது.

அப்படியும் இது பிழைத்தது. பிழைக்க வைத்தவர்களில் முக்கியமானவர்கள் ரோமா நாடோடி மக்கள், ஏப்ரகாம் வுட் என்பவரின் வழித்தோன்றல்கள். பண்ணைக்குப் பண்ணை போய் வாசித்தவர்கள். அவர்களிடம் கேட்டும் பார்த்தும் வளர்ந்தவர் பெனபான்ட்ஃபவுர் ஊரைச் சேர்ந்த பண்ணை வீட்டுப் பெண் நான்சி ரிச்சர்ட்ஸ். 1888இல் பிறந்து 1979வரை வாழ்ந்தவர். அவரிடம் கற்ற லியோ ரதெர்க் தானும் மாணவர்களை உருவாக்கினார். அந்த ரோமா குடும்பத்தின் வாரிசான எல்ட்ரா ஜார்மனிடமிருந்து ராபின் ஹியூ போவன் அந்த வாசிப்பை வாங்கிக்கொண்டார். விரல் விட்டு எண்ணிவிடலாம், அத்தனை மெல்லிய சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி விட்டிருந்தால் இன்று நமக்கு மிஞ்சியிருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஹார்ப் மட்டும்தான்.

சேகரித்தவர்களையும் மறக்கக் கூடாது. 1906இல் வெல்ஷ் நாட்டுப்புறப் பாடல் சங்கம் தொடங்கியது. ரூத் ஹெர்பர்ட் லூயிஸ் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு முதியவர்களைத் தேடிப்போய் மெழுகு உருளைகளில் பதிவுசெய்தார். பின்னாளில் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகமும் அந்த வேலையைத் தொடர்ந்தது. அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் இன்றைய இளைஞர்கள் பல பாட்டுகளைக் கேட்டே இருக்க முடியாது.

சரி, பதிவு செய்தாகிவிட்டது. இனி என்ன கவலை என்று கேட்கலாம். கவலை பாட்டைப் பற்றியது இல்லை, பாடுகிறவர்களைப் பற்றியது. 2011 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 19 சதவீதம். 2021இல் 17.8 சதவீதம், ஏறக்குறைய 5,38,000 பேர். கிராமத்துத் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கடற்கரை ஊர்களில் வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்குவதால் விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே குடியிருக்க முடியவில்லை. 2023 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகளுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. வீட்டு வரிக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். நான்கு குரலில் பாடும் குடும்பத்தில் இரண்டு பேர் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டால் அந்தக் கேரலை யார் பாடுவது?

அதனால் ஆதரவு என்றால் முதலில் எனக்குத் தோன்றுவது விழா மேடை இல்லை. தேசிய ஐஸ்டெத்வோட் திருவிழாவில் நாட்டுப்புற இசைக்கென்றே தனிக் கூடாரம் இருக்கிறது, மிக நல்ல விஷயம். ஆனால் அது வருடத்தில் ஒரு வாரம். மீதி ஐம்பத்தொரு வாரமும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குப் பிடில் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். மூன்று வரிசை ஹார்ப் செய்யத் தெரிந்தவர் அந்தத் தொழிலில் தாக்குப்பிடிக்க வேண்டும், அதைப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கவும் வழி வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு பேர் கூடி வாசிக்க ஊர் மதுக்கடையில் ஒரு மூலை வேண்டும். அரசு பணம் ஒதுக்கும்போது இந்தச் சின்னச் செலவுகளைத்தான் முதலில் வெட்டுவார்கள். நான் கேட்டால் இவற்றைத்தான் கடைசியில் வெட்ட வேண்டும்.

உங்களில் யாராவது படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பக்கம் போனால், ஜனவரியில் ஒரு ப்ளகைனுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். பாட்டு பிடித்தாலும் கைதட்டாதீர்கள், கடைசிப் பாட்டுவரை எழுந்திருக்காதீர்கள். முடிந்ததும் பாடியவர்களுக்கு அங்கேயே சாப்பாடு போடுவது வழக்கம். உங்களையும் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போய், அந்த நோட்டுப் புத்தகம் யாருடையது என்று கேளுங்கள்.