மலை ஏறிய பென் டிரைவ்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் கணினி பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கருவிக்குப் பேக்கேஜ் மேனேஜர் என்று பெயர். அதில் எது நல்லது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஏற்காட்டில் நடந்ததைச் சொன்னால் என் பதில் புரியும்.

மலையில் ஒரு பள்ளியின் கணினிகளுக்கு டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருந்தோம். அங்கே இணையம் கிடையாது. பிள்ளைகளுக்கு வேண்டிய மென்பொருளைச் சேலத்தில் இறக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். நிறுவினால், வேறு இரண்டு பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதிகள், வேண்டும் என்று நின்றுவிட்டது. மறுநாள் அவற்றோடு போனேன். அவற்றுக்கு இன்னொன்று வேண்டுமாம். சேலம் லீ பஜாரில் சரக்கு ஏற்றிய மலைக் கடைக்காரர் புளியை மறந்துவிட்டு வந்தால் படும் பாடுதான்.

டெபியனின் டிபிகேஜி, ரெட் ஹேட்டின் ஆர்பிஎம் இரண்டும் அடித்தள வேலைக்காரர்கள். கையில் கொடுத்த பேக்கேஜுக்கு நேரடியாக எது குறைகிறது என்று சொல்லும், தேடிக் கொண்டுவராது. முழுச் சங்கிலியையும் கணக்குப் போட்டுக் கொண்டுவர மேலே ஒருவர் வேண்டும். டெபியனில் அது ஆப்ட். 1999இல் டெபியன் 2.1 உடன் வந்தது. ஃபெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச் ஆகியவையும் லினக்ஸ் வகைகள்தான். ஃபெடோராவில் யம் இருந்த இடத்தில் 2015 முதல் டிஎன்எஃப். ஓப்பன்சூசேயில் சிப்பர், ஆர்ச்சில் பேக்மேன்.

பேக்மேன் நல்ல வேகம், மறுக்கவில்லை. ஆனால் ஆர்ச்சில் பேக்கேஜ் பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு பேக்கேஜைப் போட்டுக்கொள்வது சரியான முறை அல்ல. புதுப்பித்தால் மொத்தத்தையும் புதுப்பிக்க வேண்டும். மாதக்கணக்காக இணையத்தையே பார்க்காத கணினிக்கு அது பெரிய சுமை. டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் வெளியீட்டுக்குப் பிறகு பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும்தான் வரும். மலைக்கு அதுதான் ஏற்றது என்பது என் தீர்மானம். டிஎன்எஃப்பிலும் எனக்கு ஓர் ஆசை உண்டு. செய்த ஒவ்வொரு வேலைக்கும் எண் போட்டுக் குறித்து வைக்கும். பேக்கேஜ்களை வைத்திருக்கும் களஞ்சியத்தில் பழைய பதிப்பு இருந்தால், அந்த எண்ணைச் சொல்லி அந்த வேலையை ரத்து செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம்.

அரசு மடிக்கணினி வாங்கியவர்கள் கவனியுங்கள். அதில் வந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கியது. அங்கேயும் ஆப்ட்தான்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். அங்கே ஆப்ட் தேடிக் கொண்டுவர இணையம் இல்லையே. அதற்குத்தான் ஆப்ட்-ஆஃப்லைன் என்றொரு கருவி இருக்கிறது. நம் நாட்டு டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சராஃப் எழுதியது. இணையம் இல்லாத கணினியிலேயே அதை ஓட்டினால், அந்தக் கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து, இன்னும் வேண்டியதை மட்டும் ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அந்தக் கோப்பைச் சேலத்துக்குக் கொண்டுவந்தேன். இங்கே அதே கருவி எல்லாவற்றையும் இறக்கி ஒரே ஜிப்பாகக் கட்டிக் கொடுத்தது. மூன்றாம் முறை மலையேறி அதைப் போட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. மதிய மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.