இரண்டு கையும் மாட்டிக்கொண்ட வ்லாக்: பழைய எண்டர்பிரைஸும் ஒரு குடைக்கம்பியும்

வணக்கம். இன்றைக்கு வீடியோ கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். என் இரண்டு கையையும் பார்க்கிறீர்கள் அல்லவா, இவை இன்னும் பத்து நிமிடத்துக்கு எங்கேயும் நகராது. பசை போட்டிருக்கிறேன். இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலப்போமே, அந்த வகை. பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் போச்சு. சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் உங்களோடு பேசலாமே என்று கேமராவை ஓடவிட்டேன்.

கையில் இருப்பது எண்டர்பிரைஸ், பிளாஸ்டிக் மாடல். 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் வருகிற கப்பல். முன்னால் வட்டத் தட்டு, கீழே சுருட்டு மாதிரி உடம்பு, அதிலிருந்து மேலே கிளம்பும் இரண்டு மெல்லிய கால்கள், கால் நுனியில் ஒவ்வொரு நீள உருளை. உருளைக்கு நேசெல் என்று பெயர். ஏஎம்டி கம்பெனியின் கிட், அதாவது பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் மாடல், அதைக் கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் ஒரே புலம்பல்: நேசெல் தொங்குகிறது. கட்டி முடித்த அன்றைக்கு ஜம்மென்று நிற்கும். சில மாதம் போனால், மழையில் நனைந்த காக்காய் இறக்கை மாதிரி இரண்டும் சரிய ஆரம்பிக்கும். கால் மெல்லிசு, அது சொருகிற பள்ளம் ஆழமில்லை, மேலே உருளையின் எடை. சென்னை மே மாத வெயிலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இது எனக்கு இரண்டாவது முறை. இந்தத் தடவை ஒரு பழைய குடைக்கம்பியை வெட்டி, காலின் உள்பக்கத்தில் பள்ளம் கீறிப் பதித்திருக்கிறேன். அப்புறம் மேலே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெளியே தெரியாது. பித்தளைக் கம்பி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். குடை வீட்டில் இருந்தது.

சரி, இந்தக் கப்பல் மேல் ஏன் இவ்வளவு பைத்தியம்? எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் போட்டார்கள், என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பக்கத்து வீட்டில் சாலிடேர், மரக்கதவு வைத்தது. அந்தக் கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டதும் தெருப் பிள்ளைகள் மொத்தமும் தரையில் ஆஜர். பேச்சு முழுக்க இங்கிலீஷ், எங்களுக்கு ஒரு வரி புரியாது. கேப்டன் கிர்க் கோபப்படுகிறார், காது கூரான ஸ்பாக் கோபப்படவில்லை, அவ்வளவுதான் கதை. ஆனால் கப்பல் திரையைக் கடந்து போகும்போது மொழி எதற்கு? அந்த மாதமே ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி ஒன்று, பேனா மூடி இரண்டு, தீக்குச்சி கொஞ்சம், சோற்றுப்பசை எல்லாம் சேர்த்து என் முதல் எண்டர்பிரைஸைக் கட்டினேன். அதிலும் நேசெல் தொங்கியது. பரம்பரை வியாதி.

பெரியவனாகி இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. திரையில் பார்த்த கப்பலும் ஒரு பொம்மைதான். கொஞ்சம் பெரிய பொம்மை. வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ். பக்கவாட்டில் என்சிசி-1701 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 3, 6, 8, 9 எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று குழம்பும், அதனால் அவற்றைத் தவிர்த்தாராம். 1964-இல் முதலில் 33 அங்குல மாடல் ஒன்று செய்தார்கள், அப்புறம் 11 அடி நீளத்தில் பெரியது. மரம், பிளாஸ்டிக், உலோகம் எல்லாம் கலந்து சுமார் 90 கிலோ. ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் பெரிய மாடலின் இடது பக்கத்தை முழுசாக முடிக்கவே இல்லை. உள்ளே விளக்கு போட்டபோது ஒயரெல்லாம் அந்தப் பக்கம் வழியாகத்தான் போனது. அதனால் கேமரா எப்போதும் வலது பக்கத்தில்தான். கப்பல் எதிர்த் திசையில் போக வேண்டுமா? எண்ணைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி ஒட்டி, படம் பிடித்து, பிறகு ஃபிலிமைத் திருப்பிக்கொண்டார்கள்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு பெரிய நிம்மதி. என் அலமாரியில் இருக்கிற பாதி மாடல்களுக்குச் சுவர்ப்பக்கம் பெயின்ட்டே கிடையாது. இவ்வளவு நாளும் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருங்கள், விரல் மரத்துப் போகிறது. கொஞ்சம் மாற்றிப் பிடிக்கிறேன்... சரி.

இந்தக் கிட் எப்படி வந்தது என்பதும் நல்ல கதை. ஏஎம்டி, கார் மாடல்கள் விற்றுக்கொண்டிருந்த மிச்சிகன் கம்பெனி. தொடருக்கு கலிலியோ என்ற சிறிய விண்ஓடம் தேவைப்பட்டது, நடிகர்கள் பக்கத்தில் நிற்கிற அளவுக்குப் பெரிதாக. அதைக் கட்டக் காசில்லை. நாங்கள் கட்டித் தருகிறோம், கப்பலைக் கிட்டாக விற்கும் உரிமையைக் கொடுங்கள் என்று ஏஎம்டி ஒப்பந்தம் போட்டது. அப்படி வந்ததுதான் சுமார் 18 அங்குலத்தில் இந்தப் பெட்டி. கதைப்படி கப்பலின் நீளம் 947 அடி, அதாவது 289 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 1:650-க்குப் பக்கத்தில் வருகிறது. இன்றைக்குப் போலார் லைட்ஸ் என்ற கம்பெனி இதே கப்பலை 1:350 அளவில் விற்கிறார்கள், 80 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். நுணுக்கத்தில் அதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் நான் இதைத்தான் கட்டுகிறேன். காரணம் சொல்கிறேன்.

1967 அக்டோபரில் "டூம்ஸ்டே மெஷின்" என்று ஒரு அத்தியாயம் வந்தது. கிரகங்களையே விழுங்கும் ராட்சத இயந்திரம். அதனிடம் அடிபட்டு, கான்ஸ்டலேஷன் என்ற இன்னொரு கப்பல் விண்வெளியில் நொறுங்கி மிதக்கும். எண்டர்பிரைஸுக்கு அச்சு அசலான ஜோடி. இன்னொரு 11 அடி மாடல் செய்யக் காசு ஏது? கடையில் விற்கிற ஏஎம்டி கிட்டையே வாங்கிக் கட்டி, அதைச் சிதைத்து, கேமரா முன்னால் தொங்கவிட்டார்கள். எண் என்ன தெரியுமா? 1017. கிட்டோடு வந்த 1701-ஐ வெட்டி, வரிசை மாற்றி ஒட்டியது. அந்த அத்தியாயத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது, கப்பலுக்கு என்ன ஆச்சோ என்று. பார்த்தால் அது யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி மேஜையில் கட்டியிருக்கக்கூடிய பெட்டி!

என் கையில் இருப்பது பின்னால் வந்த மறுபதிப்பு. ஆனால் அதே குடும்பம். 11 அடி மாடல் இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1974-இல் கொடுத்தார்கள். பல வருடம் அது அருங்காட்சியகக் கடையின் நடுவில், டிஷர்ட்டுக்கும் கீ செயினுக்கும் மத்தியில் நின்றது. 1991-இல் ஒரு முறை சீரமைத்தபோது தட்டின் மேல் கட்டம் கட்டமாக அழுத்தமான கோடுகளைப் போட்டுவிட்டார்கள். மாடல் செய்கிறவர்கள் இதைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் கோடு வேண்டாம் கட்சி. பென்சிலால் லேசாக இழுத்தால் போதும், அசலிலும் பென்சில்தான். பிறகு மறுபடி பிரித்து மேய்ந்து, 1967 ஆகஸ்டில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து, 2016-இல் முன்மண்டபத்தில் வைத்தார்கள். தட்டின் மேல்பக்கத்தில் மட்டும் அசல் பெயின்ட்டைத் தொடாமல் விட்டார்கள். அது சரியான முடிவு.

33 அங்குலச் சின்ன மாடலின் கதை வேறு. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மேஜையில் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் இரவல் போனது, திரும்பி வரவில்லை. 2023-இல் திடீரென்று ஓர் இணைய ஏலத்தில் தலைகாட்டியது. 2024-இல் அவருடைய மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பது வருடத்துக்கு மேல். இரவல் கொடுத்த புத்தகங்களை நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. 2006-இலிருந்து தொடரின் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். பளிச்சென்று இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வடிவத்தில் கான்ஸ்டலேஷனும் மாறிவிட்டது. உடைந்த ஓடு, கிழிந்த தகடு, உள்ளே பொறி, எல்லாம் கச்சிதம். நம்ம பெட்டிக் கப்பல் மட்டும் இல்லை. ப்ளூ-ரேயில் பழைய காட்சிகளையும் தேர்ந்தெடுக்கலாம், அதனால் பிழைத்தேன். என் மகளுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன். "பழசு பிளாஸ்டிக் மாதிரி இருக்குப்பா" என்றாள். ஆமாம்மா, அதுதானே விஷயம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இதை முடித்துவிட்டு அடுத்து இன்னொரு பெட்டி பிரிக்கப் போகிறேன், கான்ஸ்டலேஷன் செய்ய. கூரியரில் வந்தபோதே பெட்டி நசுங்கி, ஒரு நேசெல் விரிசல் விட்டுத்தான் வந்தது. முதலில் கோபம் வந்தது. இப்போது பாதி வேலை மிச்சம் என்று தோன்றுகிறது. 1701-ஐ 1017 ஆக்க ஒரு பிளேடு போதும்.

சரி, பார்க்கலாம், மெதுவாகக் கையை எடுக்கிறேன்... இல்லை. இல்லை, சரிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போல. உங்களை அதுவரை உட்காரவைக்க முடியாது. பாப்பா! பாப்பா, கொஞ்சம் வந்து இந்தக் கேமராவை நிறுத்தும்மா. அந்தச் சிவப்புப் பட்டன். அது இல்லை, அதுக்குப் பக்கத்தில்... மேஜையை இடிக்காதே, மேஜையை இ