பூட்டை உடைக்கச் சொன்ன வக்கீல்

நண்பர்களே, வணக்கம். லாயிட் ஜார்ஜ் என்றால் முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் என்று ஒரு வரி படித்திருப்போம். நான் இன்று அந்தப் பிரதமரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேல்ஸில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்காக வழக்காடிய 25 வயது வக்கீலைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

லாயிட் ஜார்ஜுக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். வளர்த்தது தாய்மாமன், ரிச்சர்ட் லாயிட், செருப்புத் தைக்கிறவர். மருமகன் சட்டம் படிக்க பிரெஞ்சு தெரிய வேண்டும் என்றதும், அந்த மனிதர் முதலில் தான் உட்கார்ந்து பிரெஞ்சு கற்றுக்கொண்டு, பிறகு பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1884-இல் சொலிசிட்டர் ஆனார். பெரிய கோர்ட்டில் கவுன் போட்டு வாதாடும் பாரிஸ்டர் இல்லை. பத்திரம், நிலம், கடன் என்று ஊர்க்காரர்களின் வழக்கைப் பார்க்கிற வக்கீல். மாமா வீட்டின் பின்னறைதான் ஆபீஸ்.

1888-இல் லான்ஃப்ரோத்தென் என்ற கிராமத்தில் கல்குவாரித் தொழிலாளி ஒருவர் இறந்தார். தன் மகளின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் கல்லறைத் தோட்டம் அரசு அங்கீகாரம் பெற்ற ஆங்கிலிக்கன் கிறிஸ்தவ சபையுடையது, இறந்தவரோ வேறு கிறிஸ்தவ சபை. எந்தச் சபையாரும் தங்கள் முறைப்படியே அங்கே அடக்கம் செய்யலாம் என்று 1880-லேயே சட்டம் வந்தாயிற்று. பாதிரியார் அதற்குப் பிறகு அந்த நிலத்துக்கு ஒரு புதுப் பத்திரம் எழுதி வாங்கி, ஆங்கிலிக்கன் முறைக்கு மட்டுமே இடம் என்று வாசலைப் பூட்டிவிட்டார். இளம் வக்கீல் பத்திரத்தைப் படித்தார். நிலம் பல வருடங்களுக்கு முன்பே ஊருக்குக் கொடுக்கப்பட்டது, பின்னால் எழுதிய காகிதம் செல்லாது, பூட்டை உடைத்து உள்ளே போங்கள் என்றார். உடைத்தார்கள், குழி வெட்டினார்கள், மகளுக்குப் பக்கத்தில் அப்பாவைப் படுக்கவைத்தார்கள். வழக்கு வந்தது. கீழ்க்கோர்ட்டில் தோற்று, லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். வேல்ஸ் முழுக்க அவர் பெயர் பரவியது.

1890 இடைத்தேர்தலில் 18 ஓட்டு வித்தியாசத்தில் எம்.பி. ஆனார்; அந்தத் தொகுதியை 55 வருடம் விடவில்லை.

அப்புறம் நிதியமைச்சர். முதியோர் பென்ஷனைத் தொடங்கி வைத்தவர், இவருக்கு முன் நிதியமைச்சராக இருந்து பிரதமரான ஆஸ்குவித், அவரும் வக்கீல்தான். ஆனால் அந்த மசோதாவைச் சபையில் நிறைவேற்றிக் கொடுத்தவர் இவர். 1909 ஜனவரி 1 முதல் 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை, அதுவும் தபால் ஆபீஸில். யார் வீட்டு வாசலிலும் போய்க் கையேந்த வேண்டாம். சட்டத்தில் உரிமை இருந்தால் போதாது, வாசல் திறந்திருக்க வேண்டும் என்று லான்ஃப்ரோத்தெனில் பார்த்தவர் அல்லவா! 1911-இல் உடல்நலக் காப்பீட்டுச் சட்டம் வந்தது: வாரம் தொழிலாளி கட்டுவது 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2.

எல்லாம் சரி, ஆனால் அயர்லாந்தில் 1920-இல் அவருடைய அரசு ஏவிவிட்ட துணைப்படைகள் ஊர்களை எரித்ததையும், 1936-இல் ஹிட்லரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து புகழ்ந்ததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பூட்டை உடைக்கச் சொன்னவரா இவர் என்று மனம் கேட்கிறது.

1945 மார்ச்சில் இறந்தார். வளர்ந்த ஊரிலேயே, டுவிஃபோர் ஆற்றங்கரையில், தான் உட்கார்ந்து பழகிய பாறையின் கீழே அடக்கம். எந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்திலும் இல்லை.